ஆணை, ஆணி

ஐந்து வாசல் இந்த ஆலயத்துக்கு.
ஒன்றுகூட ஊரைப் பார்க்காது.
அப்படித்தான் சட்டம்.

ஆயிரத்து அறுநூற்று எண்பத்தொன்றில்
பேரரசரின் தாள் சொன்னது:
கும்பிட வேண்டுமா, கும்பிட்டுக்கொள்ளுங்கள்,
ஊருக்கு வெளியே.
கல் கூடாது. கோபுரம் கூடாது.
இரும்பு தொடக் கூடாது.
கால்கோள் இட்ட நாளிலிருந்து
ஓராண்டுக்குள் கூரை ஏற வேண்டும்.

இதன் முதல் சிற்பி தச்சனல்லன்.
வியன்னாவில் யாரோ ஒரு குமாஸ்தா,
ஹ்ரோன் ஆற்றைக் கண்ணால் பார்க்காதவன்,
மை தொட்டு மை தொட்டு
"கூடாது" "கூடாது" என்று
அளவெடுத்துக் கொடுத்தவன்.

இரண்டாவது ஆள் மிகுலாஷ் காமெனிக்.
காமெனிக் என்றால் எங்கள் மொழியில் கொத்தன்.
இந்தக் கட்டடத்தில் கல் இருந்தது
தச்சர் பெயரில் மட்டும்தான்.

தூணுக்கு ஓக், சுவருக்கு லார்ச்.
கழுந்தைத் துளைக்குள் இறக்கி
குறுக்கே ஒரு மர முளை.
முளையை நன்றாகக் காயவைத்துச் சீவினார்;
தூணையோ ஈரம் வடிய வடிய நிறுத்தினார்.
அவசரம் என்று நினைத்திருப்பார்கள்.
தூண் காயக் காயச் சுருங்கியது,
சுருங்கச் சுருங்க முளையைக் கவ்வியது.
பசுமரத்தாணி என்றால் அதுதான்.
ஓராண்டில் அவர் விட்டுப்போன வேலையை
மரம் உட்கார்ந்து நூறாண்டு செய்தது.

உள்ளே வந்தால் நான்கு பக்கமும்
படிப்படியாக ஏறும் இருக்கைகள்,
எதிரெதிரே.
ஆயிரம் பேர் அமர்ந்தால்
ஆயிரம் பேருக்கும் ஆயிரம் முகம் தெரியும்.
கடன் வாங்கித் தராதவன்
தலை குனிந்து ஜெபிப்பதைத் தவிர வழியில்லை.

நான் சீட்டுக் கிழிப்பவள்.
பெரியவர்களுக்கு இரண்டு யூரோ.
"ஒரு ஆணிகூட இல்லையா?" என்பார்கள்.
இல்லை என்பேன், ஆணித்தரமாக.
சொல்லும்போது
வடக்குப் பக்கம் மூன்றாம் தூணில்
தோள் சாய்த்து நிற்பேன்.

நாற்பத்தைந்து, மார்ச்.
ருமேனியப் படையின் காயம்பட்டவர்கள்
இந்தப் பலகைகளில் வரிசையாகக் கிடந்தார்கள்.
திருவிருந்து மேசையில் ஒருவன்;
மருத்துவர் அவன் முழங்காலுக்கு மேல்
ரம்பம் வைத்திருந்தார்.
விளக்கைப் பிடித்தது
உபதேசியார் யோனாஷ் பெல்லா.
அறுபத்தொரு வயதுக் கை,
நான்காவது ஆளுக்கு வரும்போது
வெளிச்சம் ஆடத் தொடங்கியது.
லாடம் அடிக்கும் சிப்பாய் ஒருவன்
பையிலிருந்து ஒன்றை எடுத்தான்.
சுத்தியலால் மூன்று அடி.

முந்நூறாண்டை நெருங்கும் நாளில் எண்ணிப் பார்த்தால்
பேரரசருக்குப் பயந்தது எவ்வளவு காலம்,
அந்த மூன்று அடிக்கு எவ்வளவு நேரம்.

விளக்கு ஆடாமல் நின்றது.
அன்றிரவு ஏழு பேர்.
விடிந்தபோது நான்கு.

போர் முடிந்ததும் சபையிலிருந்து கடிதம்:
பாரம்பரியம் கெடாதபடி அதைப் பிடுங்கிவிடவும்.
பதிவேட்டில் யோனாஷின் பதில் இருக்கிறது,
கோணாத எழுத்தில்:
"குறடு வைத்துப் பார்த்தேன். இறுகிவிட்டது. வரவில்லை."
மறு ஆண்டும் கேட்டிருக்கிறார்கள்.
மறு ஆண்டும் அதே வரி.

முதல் நாள் சாவி கையில் வந்தபோது
நான் செய்த முதல் காரியம்
விரல் வைத்துப் பார்த்தது.

ஆடுகிறது.
கிழவியின் கடைவாய்ப் பல்போல் ஆடுகிறது.
குழந்தை இழுத்தால்கூட வந்துவிடும்.

குளிர்காலத்தில் யாரும் வருவதில்லை.
ஐந்து வாசலையும் உள்ளிருந்து சாத்திவிட்டு
நனைந்த கோட்டை
அதில்தான் மாட்டுகிறேன்,
மெதுவாக,
கனம் தாங்குமா என்று பார்த்து.